12 வாரம், ஒரே ஒரு மாற்றம்: பிசிஓஎஸ் உள்ளவர்கள் புரோபயாடிக்கைச் சோதித்துப் பார்க்கும் முறை

பிசிஓஎஸ் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து யோசனைகளுக்குப் பஞ்சமே இருந்திருக்காது. வெந்தயம் ஊறவைத்துக் குடி, சோற்றை விடு, தயிரைத் தொடாதே, தயிரை மட்டும் சாப்பிடு என்று ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள். அந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருப்பது புரோபயாடிக். மருந்துக்கடையில் காப்ஸ்யூலாகவும் பால் பூத்தில் குட்டிப் புட்டியாகவும் கிடைக்கிறது. சர்க்கரை குறையும், மாதவிலக்கு சீராகும் என்று விளம்பரமும் வருகிறது.

உங்கள் உடம்பில் அது வேலை செய்கிறதா என்று நீங்களே அளந்து பார்க்கும் வழியை இந்த அத்தியாயம் படிப்படியாகச் சொல்கிறது. முன்தயாரிப்புக்கு 4 வாரம், சோதனைக்கு 12 வாரம், இரண்டு முறை ரத்தப் பரிசோதனை, ஒரு நோட்டு. தேவைப்படுவது இவ்வளவுதான்.

தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு மட்டும்

பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது. ஒல்லியாக இருப்பவர்களும் இதற்கு விலக்கல்ல. செல்கள் இன்சுலினுக்குச் சரியாக மசியாததால் கணையம் அதை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை பல வருடம் இயல்பாகவே தெரியும். உள்ளே இன்சுலின் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அந்த உபரி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைக் கூட்டுகிறது. முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிலக்கு ஆகியவற்றில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நாம் சாப்பிடும் நார்ச்சத்தைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை குடலின் உட்சுவரைப் பலப்படுத்துகின்றன. இன்சுலின் சுரப்புக்கு உதவும் ஜிஎல்பி-1 ஹார்மோனையும் தூண்டுகின்றன. நல்ல பாக்டீரியாவை வெளியிலிருந்து கொடுத்தால் இந்த வேலை சற்று மேம்படும் என்பதுதான் புரோபயாடிக்கின் பின்னால் இருக்கும் எண்ணம்.

பிசிஓஎஸ் பெண்களிடம் இதைச் சோதித்த ஆய்வுகள் பலவும் ஈரானில் நடந்தவை. பெரும்பாலும் 8 முதல் 12 வாரம் நீடித்தவை. ஒவ்வொன்றிலும் பங்கேற்றவர்கள் குறைவு. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வெறும் வயிற்று இன்சுலினும் இன்சுலின் எதிர்ப்பும் ஓரளவு குறைகின்றன. வெறும் வயிற்றுச் சர்க்கரையில் கிடைக்கும் பலன் அதைவிடச் சிறியது. ஆய்வுக்கு ஆய்வு மாறவும் செய்கிறது.

எனவே இதைக் கைத்துணையாக எடுத்துக்கொள்ளுங்கள். நடை, தசைப் பயிற்சி, தட்டில் சோற்றின் அளவு, தூக்கம், மருத்துவர் தந்த மெட்ஃபார்மின் ஆகியவையே முதல் வரிசை. பலன் சிறியது என்பதால்தான் ஒழுங்காக அளக்க வேண்டியிருக்கிறது. நான்கு விஷயங்களை ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் பாதுகாப்பு: யார் தானாகத் தொடங்கக் கூடாது?

ஆரோக்கியமான பெரியவர்களில் பெரும்பாலோருக்குப் புரோபயாடிக்கால் பெரிய ஆபத்து இல்லை. கீழே உள்ளவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும், மருத்துவர் சம்மதம் இல்லாமல் காப்ஸ்யூல் எடுக்காதீர்கள்:

- புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்றம், நீண்டகால ஸ்டீராய்டு போன்றவற்றால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள்
- பெரிய ரத்தக் குழாயில் நிரந்தரக் குழாய் பொருத்தப்பட்டவர்கள்
- கணைய அழற்சியோடு மருத்துவமனையில் இருப்பவர்கள். 2008இல் ‘லான்செட்’ இதழில் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாடிக் கொடுத்தபோது இறப்பு கூடியது.
- குடலில் பெரும்பகுதி அறுவைசிகிச்சையில் நீக்கப்பட்டவர்கள்
- இதய வால்வில் கோளாறு உள்ளவர்கள், செயற்கை வால்வு பொருத்தியவர்கள்

கர்ப்பமாக இருக்கிறீர்கள், அல்லது குழந்தைக்காகச் சிகிச்சையில் இருக்கிறீர்கள் என்றால் வீட்டுத் தயிர் சாப்பிடத் தடையில்லை. காப்ஸ்யூலை மட்டும் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

இன்சுலின் ஊசியோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்க வாய்ப்பு உண்டு. நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டுதல் வந்தால் உடனே சர்க்கரையை அளந்து பாருங்கள். 70க்குக் கீழ் இருந்தால் 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் அரிது.

முன்தயாரிப்பு: 4 வாரம்

1. சாப்பாட்டை ஒரு நிலைக்குக் கொண்டுவாருங்கள். பாக்டீரியாவுக்குத் தீனி நார்ச்சத்து. தீனி இல்லாமல் பாக்டீரியாவை மட்டும் அனுப்பிப் பயனில்லை. நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து இலக்கு. இதற்குத் தனிக் கடைச் சரக்கு வேண்டாம். மதியம் ஒரு கப் கீரை, ஒரு கப் காய், ஒரு வேளை சுண்டலோ முளைகட்டிய பயறோ, வாரத்தில் சில நாள் கொள்ளு, வாழைத்தண்டு, வாழைக்காய் என்று வைத்துக்கொண்டால் இலக்கை நெருங்கிவிடலாம். சின்ன வெங்காயமும் பூண்டும் குடல் பாக்டீரியாவுக்குப் பிடித்த வகை நார்ச்சத்தைத் தருபவை, தாராளமாகச் சேருங்கள்.

2. மெதுவாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் நார்ச்சத்தை இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பும், வாயு தொல்லை தரும். வாரத்துக்கு ஒரு பண்டமாகச் சேருங்கள். தண்ணீரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

3. நடையையும் தூக்கத்தையும் முடிவு செய்யுங்கள். எத்தனை நிமிட நடை, எத்தனை மணிக்குப் படுக்கை என்று இப்போதே தீர்மானித்து, அடுத்த 16 வாரமும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

4. மருந்துகளைப் பட்டியலிடுங்கள். மெட்ஃபார்மின், கருத்தடை மாத்திரை, இனோசிட்டால், வைட்டமின் டி, இரும்புச்சத்து என எல்லாவற்றையும் அளவோடு நோட்டில் எழுதுங்கள். சோதனை முடியும்வரை நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மருத்துவர் மாற்றினால் மாற்றிக்கொள்ளுங்கள், தேதியைக் குறித்துவையுங்கள்.

5. ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் காத்திருங்கள். அது குடல் பாக்டீரியாவையே கலைத்துப் போட்டுவிடும். கடைசி மாத்திரைக்குப் பிறகு குறைந்தது 4 வாரம் கழித்து அடிப்படைப் பரிசோதனைக்குப் போங்கள்.

அடிப்படைப் பரிசோதனை: எதை அளப்பது, எப்படி அளப்பது?

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை:

1. குளுக்கோஸ் சகிப்புப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கும் முன்னும், குடித்த 2 மணி நேரத்துக்குப் பிறகும் ரத்தம் எடுப்பார்கள். மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2023இல் வெளியிட்ட சர்வதேசப் பிசிஓஎஸ் வழிகாட்டுதல், உடல் எடையைப் பாராமல் எல்லோருக்கும் இதையே பரிந்துரைக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாக இருந்தும் 2 மணி நேர அளவு ஏறியிருப்பது பிசிஓஎஸ்ஸில் சாதாரணம்.
2. வெறும் வயிற்று இன்சுலின். முதல் ரத்த மாதிரியிலேயே இதையும் பார்த்துவிடலாம்.
3. எச்பிஏ1சி. ஏறத்தாழ 3 மாதச் சராசரியைக் காட்டும்.
4. ஹீமோகுளோபின். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வீட்டில் அளக்க வேண்டியவை: காலையில் தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு, எடை, கடைசி மாதவிலக்குத் தேதி.

எண்களைப் படிக்கும் விதம் (சர்க்கரை அளவுகள் மி.கி./டெ.லி. கணக்கில்):

- வெறும் வயிறு: 100க்குக் கீழ் இயல்பு, 100–125 நீரிழிவுக்கு முந்தைய நிலை, 126, அதற்கு மேல் நீரிழிவு
- 2 மணி நேரம் கழித்து: 140க்குக் கீழ் இயல்பு, 140–199 முந்தைய நிலை, 200, அதற்கு மேல் நீரிழிவு
- எச்பிஏ1சி: 5.7 சதவீதத்துக்குக் கீழ் இயல்பு, 5.7–6.4 முந்தைய நிலை, 6.5, அதற்கு மேல் நீரிழிவு

நீரிழிவு வரம்பில் எண் வந்தால் இந்தச் சோதனையை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்குப் புரோபயாடிக் ஒரு சாக்காகிவிடக் கூடாது.

இன்சுலின் எதிர்ப்பை ஹோமா-ஐஆர் என்ற கணக்கில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரையை வெறும் வயிற்று இன்சுலினால் பெருக்கி 405ஆல் வகுக்க வேண்டும். சர்க்கரை 96, இன்சுலின் 18 என்று வைத்துக்கொள்வோம். 96 × 18 = 1728; 405ஆல் வகுத்தால் 4.3. இந்த எண்ணை மற்றவர்களுடைய எண்ணோடு ஒப்பிட வேண்டாம். 12 வாரம் கழித்து வரப்போகும் உங்கள் எண்ணோடு ஒப்பிடுவதற்காக மட்டுமே இது.

பரிசோதனைக்குப் போகும் முன் கவனிக்க வேண்டிய 5

1. முந்தைய 3 நாள் வழக்கம்போல் சாப்பிடுங்கள். பரிசோதனைக்காகச் சோற்றையும் இட்லியையும் அடியோடு நிறுத்தினால் 2 மணி நேர அளவு பொய்யாக ஏறும்.
2. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 8 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும். காலைக் காபியும் கூடாது.
3. பயோட்டின் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். முடி கொட்டுகிறது என்று பிசிஓஎஸ் பெண்கள் பலர் எடுக்கும் மாத்திரைகளில் இது பெரிய அளவில் இருக்கும். சில லேப் கருவிகளில் இன்சுலின் அளவைப் பொய்யாகக் குறைத்தும், தைராய்டு முடிவுகளைத் திரித்தும் காட்டும். லேபிலும் மருத்துவரிடமும் சொல்லிவிட்டு, குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள்.
4. காய்ச்சல், சளி, இரவு முழுவதும் தூக்கமின்மை இருந்தால் தேதியைத் தள்ளிவையுங்கள்.
5. குளுக்கோஸ் குடித்த பிறகு 2 மணி நேரமும் லேபிலேயே உட்கார்ந்திருங்கள். கடைத்தெருவுக்குப் போய்வந்தால் நடை சர்க்கரையைக் குறைத்துவிடும்.

ஹீமோகுளோபின் ஏன்? இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை எச்பிஏ1சியைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு 5 சொல்கிறது. நடுவில் இரும்பு மாத்திரை தொடங்கினால் எச்பிஏ1சி தானாகக் குறையும். புகழ் புரோபயாடிக்குக்குப் போய்விடும். ரத்தசோகை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துகொண்டு இந்தச் சோதனைக்கு வாருங்கள்.

எதை எடுப்பது? தயிரா, காப்ஸ்யூலா?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் சேர்த்துத் தொடங்க வேண்டாம்.

வழி அ: வீட்டுத் தயிர். விலை குறைவு, பழகிய பண்டம், புரதமும் கால்சியமும் கூடவே வரும். உங்கள் உறைமோரில் எந்தெந்த பாக்டீரியா, எத்தனை கோடி என்று தெரியாது என்பது ஒரு குறை. ஆய்வுகளில் கொடுக்கப்பட்டது இதுவல்ல என்பதை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே தினமும் தயிர் சாப்பிடுபவராக இருந்தால் இந்த வழி உங்களுக்குப் புதிய மாற்றமே இல்லை. வழி ஆ-வுக்குப் போங்கள்.

வழி ஆ: காப்ஸ்யூல். அளவு தெரியும், ஆய்வுகளுக்கு நெருக்கமானது. செலவு அதிகம். வாங்கும் முன் 3 மாதச் செலவைக் கூட்டிப் பாருங்கள். அந்தப் பணம் காயையும் பயறையும் வெட்டி வருவதாக இருந்தால் காப்ஸ்யூல் வேண்டாம்.

தயிர் போடும் முறை

1. அரை லிட்டர் பாலைப் பொங்கக் காய்ச்சி, சிறு தீயில் மேலும் சில நிமிடம் விடுங்கள்.
2. விரல் வைத்தால் இதமான சூடு தெரியும் அளவுக்கு ஆறவிடுங்கள். வெப்பமானி இருந்தால் 40 முதல் 43 டிகிரி செல்சியஸ். இதைவிடச் சூடாக இருந்தால் உறைமோர் செத்துவிடும், ஆறிப்போயிருந்தால் தோயாது.
3. சுத்தமான கரண்டியால் ஒரு தேக்கரண்டி உறைமோரை ஊற்றிக் கலக்கி மூடுங்கள்.
4. வெயில் காலத்தில் 5–6 மணி நேரம், மார்கழியில் 8–10 மணி நேரம். பாத்திரத்தை அசைக்காதீர்கள்.
5. தோய்ந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து 3 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். நூலிழுத்தாலோ, நிறம் மாறினாலோ, கெட்ட வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். அந்த உறைமோரும் வேண்டாம்.

அளவு: மதியச் சாப்பாட்டோடு ஒரு கப், ஏறத்தாழ 200 மி.லி. மோராகக் கடைந்து குடித்தாலும் சரி.

குறிப்பு: உயிருள்ள பாக்டீரியாதான் இங்கே தேவை. மோர்க்குழம்பில் கொதித்ததும் அது போய்விடும். இட்லி மாவு அருமையாகப் புளித்திருக்கும். ஆவியில் வெந்ததும் பாக்டீரியா மிஞ்சாது. எண்ணெயும் வினிகரும் ஊற்றிப் போட்ட ஊறுகாயை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய சோற்று நீராகாரத்தில் உயிருள்ள பாக்டீரியா உண்டு. கூடவே வரும் சோற்றின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்ஸ்யூல் லேபிளைப் படிக்கும் முறை

1. பெயர். பிசிஓஎஸ் ஆய்வுகளில் அடிக்கடி வருபவை லாக்டோபேசிலஸ் அசிடோஃபிலஸ், லாக்டோபேசிலஸ் கேசி, பிஃபிடோபாக்டீரியம் பிஃபிடம் போன்றவை. 2020இல் இந்தக் குடும்பத்துக்குப் புதுப் பெயரிட்டார்கள்; ‘லாக்டிகேசிபேசிலஸ் கேசி’ என்று இருந்தால் அது பழைய கேசியேதான். வயிற்றுப்போக்குக்கு எழுதித் தரும் பேசிலஸ் கிளாசி வேறு வகை. வீட்டில் மிச்சமிருக்கிறது என்று அதை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.
2. எண்ணிக்கை. சிஎஃப்யூ என்ற அளவில் இருக்கும். ஒரு பில்லியன் என்பது 100 கோடி. நாளுக்கு 100 கோடி முதல் 1000 கோடிக்குள் இருந்தால் போதும். எண்ணிக்கை கூடக் கூடப் பலனும் கூடும் என்று நம்பி விலையேறிய சரக்கை வாங்க வேண்டாம்.
3. எந்த நாளின் எண்ணிக்கை? தயாரித்த அன்று இருந்ததா, காலாவதி நாள்வரை இருப்பதா என்று பாருங்கள். பின்னதுதான் நமக்குப் பயன்படும்.
4. சேமிப்பு. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய பொருள் கடையில் வெளி அலமாரியில் இருந்தால் வாங்காதீர்கள்.
5. சர்க்கரை. இனிப்பூட்டிய பால் பானம், சாஷே, மிட்டாய் வடிவங்களில் சேர்த்த சர்க்கரையின் அளவைப் பாருங்கள். சர்க்கரையைக் கட்டுப்படுத்தச் சர்க்கரையைக் குடிப்பதில் அர்த்தமில்லை.
6. சேர்மானம். இனோசிட்டால், குரோமியம், மூலிகை எல்லாம் கலந்த ‘பிசிஓஎஸ் கூட்டு’ வேண்டாம். பலன் தெரிந்தால் எதனால் என்று தெரியாது. ஒவ்வாமை வந்தாலும் எதனால் என்று தெரியாது.

12 வாரத் திட்டம்

வாரம் 1. காப்ஸ்யூல் என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தயிர் என்றால் அரை கப். லேசான வாயு, இரைச்சல் வரலாம். பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும்.

வாரம் 2. தினமும் முழு அளவு. லேபிளில் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால் சாப்பாட்டோடு எடுங்கள். நேரத்தை மாற்றாதீர்கள், காலை காபிக்குப் பக்கத்தில் டப்பா, அல்லது மதியத் தட்டுக்குப் பக்கத்தில் தயிர்ப் பாத்திரம் என்று ஓர் இடத்தில் கட்டிப்போடுங்கள். கொதிக்கும் பானத்தோடு விழுங்க வேண்டாம்.

வாரம் 3 முதல் 11 வரை. புதிதாக எதுவும் செய்யாமல் இருப்பதுதான் இந்தக் காலத்தின் வேலை. ஞாயிறுதோறும் நோட்டில் 5 வரி எழுதுங்கள்: தவறிய நாள்கள், வயிற்று நிலை, மாதவிலக்கு வந்ததா, இடுப்பளவு, அந்த வாரம் நடந்த விசேஷம். கல்யாண விருந்து, பண்டிகைப் பலகாரம், காய்ச்சல் எல்லாம் விசேஷக் கணக்கில் வரும்.

ஒன்றிரண்டு நாள் மறந்தால் மறுநாள் வழக்கமான அளவையே எடுங்கள். வாரத்தில் 3 நாளுக்கு மேல் தவறுகிறது என்றால் சோதனையே தவறுகிறது. நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

நடுவில் ஆன்டிபயாட்டிக் வந்தால். மருத்துவர் சொன்னபடி முழுதாக முடியுங்கள். புரோபயாடிக்குக்கும் அதற்கும் இடையில் குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். நோட்டில் குறித்து, சோதனையை 4 வாரம் நீட்டிக்கொள்ளுங்கள்.

வாரம் 12. எடுத்துக்கொண்டிருக்கும்போதே, அதே லேபில், அதே விதிகளோடு பரிசோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள். இன்சுலின் அளவு லேபுக்கு லேப் மாறும். பக்கத்து லேபில் சலுகை என்று மாறிவிடாதீர்கள்.

குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். மாம்பழம் தொட்ட விரல் சர்க்கரையை ஏற்றிக் காட்டும். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஊசியை இன்னொருவரோடு பகிராதீர்கள். பயன்படுத்திய ஊசியை மூடி உள்ள கெட்டி டப்பாவில் போடுங்கள்.

வீட்டு மீட்டருக்குச் சர்வதேசத் தரமே 15 சதவீதம் வரை வித்தியாசத்தை அனுமதிக்கிறது. லேபில் 100 என்றால் மீட்டர் 85 காட்டினாலும் 115 காட்டினாலும் அது தரத்துக்குள்தான். புரோபயாடிக்கிடம் எதிர்பார்க்கக்கூடிய மாற்றம் அதைவிடச் சிறியது. நேற்று 104, இன்று 97 என்று கொண்டாடவும் வேண்டாம், மறுநாள் 106 என்று சோர்ந்துபோகவும் வேண்டாம். எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்களுக்குச் சர்க்கரை அதிகம் ஏறுகிறது என்று கண்டுபிடிக்க மீட்டரைப் பயன்படுத்துங்கள். அதற்கு அது நல்ல கருவி.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

1. அளக்காமல் தொடங்குவது. ‘உடம்பு லேசானமாதிரி இருக்கு’ என்பதை 12 வாரம் கழித்து எதோடும் ஒப்பிட முடியாது.
2. மெட்ஃபார்மினை நிறுத்துவது. ‘இயற்கையான’ ஒன்று கிடைத்துவிட்டதென்று மாத்திரையை விடுவது இருப்பதிலேயே பெரிய தவறு. மெட்ஃபார்மினால் வயிறு கலங்குகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மெதுவாக ஏற்றியோ, மெல்லக் கரையும் வகைக்கு மாற்றியோ தருவார். பல வருடமாக எடுப்பவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
3. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் தொடங்குவது. திங்களன்று ஜிம், செவ்வாயன்று காப்ஸ்யூல், புதனன்று சிறுதானியம். உடம்புக்கு நல்லதாகவே இருக்கலாம். புரோபயாடிக் பற்றி எதுவும் தெரியவராது.
4. தயிர் சாதமாகச் சாப்பிட்டுத் தயிர்க் கணக்கு எழுதுவது. குழைந்த சோறு இரண்டு கரண்டி கூடுதலாக உள்ளே போயிருக்கும். தயிரைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.
5. 3 வாரத்தில் கைவிடுவது, அல்லது 3 வருடம் தொடர்வது. முன்னதில் பலன் தெரிய நேரமில்லை. பின்னதில் பலன் இல்லாததற்குப் பணம் போகிறது.
6. மாதவிலக்கு வந்ததும் குணமாகிவிட்டதாக எண்ணுவது. பிசிஓஎஸ்ஸில் அது தானாகவும் வரும், தானாகவும் தள்ளிப்போகும். ஒரு மாதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டியவை

- காய்ச்சல், நடுக்கம், கடுமையான வயிற்றுவலி, மலத்தில் ரத்தம்
- உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல். இதற்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.
- 2 வாரம் தாண்டியும் அடங்காத வயிற்றுப்போக்கு அல்லது உப்புசம்
- காரணமில்லாமல் எடை இறங்குதல், அதிக தாகம், அடிக்கடி சிறுநீர்

புரோபயாடிக்கோடு தொடர்பில்லாவிட்டாலும் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று: 90 நாளுக்கு மேல் மாதவிலக்கு வரவில்லை என்றால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள், பிறகு மருத்துவரைப் பாருங்கள். உதிராமல் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல.

முடிவெடுக்கும் முறை

இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாம் போட்ட கணக்கில் முதலில் சர்க்கரை 96, இன்சுலின் 18, ஹோமா-ஐஆர் 4.3. இப்போது சர்க்கரை 94, இன்சுலின் 15 என்றால் 94 × 15 = 1410; 405ஆல் வகுத்தால் 3.5. குறைந்திருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இன்சுலின் அளவு ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் இந்த அளவு ஏறி இறங்கும். இந்த நூலின் விதி இது: கால் பங்குக்கும் குறைவான மாற்றத்தை மாற்றமாக எண்ணாதீர்கள். 4.3இலிருந்து 3.5க்கு வந்தது கால் பங்கைத் தொடவில்லை.

1. ஹோமா-ஐஆர் கால் பங்குக்கு மேல் குறைந்து, 2 மணி நேரச் சர்க்கரையும் இறங்கியிருந்தால்: பலன் இருக்கக்கூடும். எடையோ இடுப்போ சேர்ந்து குறைந்திருந்தால் புகழ் அதற்கும் உண்டு. வயிறு ஒத்துழைத்து, செலவும் கட்டுப்படியானால் மருத்துவரிடம் காட்டி இன்னும் 12 வாரம் தொடருங்கள். பிறகு மறுபடி அளங்கள்.
2. மாற்றம் கால் பங்குக்குள் இருந்தால்: காப்ஸ்யூலை நிறுத்திவிடுங்கள். படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. தயிர் என்றால் பிடித்தால் சாப்பிடுங்கள். அது சாப்பாடு, மருந்துக் கணக்கில் சேராது. மிச்சமாகும் பணத்தைச் சுண்டலுக்கும் நல்ல நடைச் செருப்புக்கும் செலவிடலாம்.
3. எண்கள் ஏறியிருந்தால்: நோட்டைப் புரட்டுங்கள். விருந்து, காய்ச்சல், விட்டுப்போன நடை ஏதாவது இருக்கிறதா? இருந்தாலும் இல்லாவிட்டாலும் புரோபயாடிக்கை நிறுத்தி, இரண்டு அறிக்கைகளோடும் நோட்டோடும் மருத்துவரிடம் போங்கள். மெட்ஃபார்மின் தொடங்கவோ அளவை மாற்றவோ வேண்டுமா என்று கேளுங்கள்.

முடிவு எதுவானாலும் குளுக்கோஸ் சகிப்புப் பரிசோதனையை 1 முதல் 3 வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதை எடை, குடும்பத்தில் நீரிழிவு, முந்தைய எண்கள் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் சொல்வார். அந்தத் தேதியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்றே எழுதிவிடுங்கள்.